ஞாயிற்றுக்கிழமைகளில் அதிராத தீவு

மங்களேஸ்வரி சிரித்தால் லாம்பர்ட் தீவில் நிலம் அதிரும் என்பது அந்தத் தீவிலேயே கடைசியாகத் தெரியவந்தது அவள் கணவர் சாத்தையாவுக்குத்தான். இத்தனைக்கும் நிலநடுக்கத்தை அளப்பதற்கென்று அரசாங்கம் சம்பளம் கொடுத்து அங்கே வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

அந்தமான் கடலில், கடலுக்கு அடியில் பூமியின் ஒரு தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழே ஓயாமல் புகுந்துகொண்டிருக்கிற இடத்துக்கு மேலே, அந்தத் தீவு இருந்தது. கீழே ஜெட்டி, ஜெட்டியை ஒட்டி இருபது கடை, தபால் நிலையம், ஆஸ்பத்திரி, ஒரு சர்ச், ஒரு முருகன் கோயில், அதற்கு மேலே தென்னந்தோப்பு, தோப்புக்கு மேலே மலை, மலையின் தலையில் சாத்தையாவின் ஆய்வு நிலையம். பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். இருபத்தாறு வருஷ சர்வீஸில், காலை ஏழரைக்கு ஸ்கூட்டரில் மலை ஏறி, எட்டு மணிக்கு உருளையில் புதுக் காகிதம் சுற்றி, அதன்மேல் முள் கிறுக்குவதை நாள் முழுக்கப் பார்த்து, அளந்து, எழுதி, போர்ட் பிளேருக்கு அனுப்பிவிட்டு, ஆறு மணிக்குக் குவார்ட்டர்ஸ் திரும்புகிறவர். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளும் வீட்டை விட்டு அசையாதவர்.

மகள் மதுரைக்குப் படிக்கப் போன வருஷம், ஜூன் மாதத்தில், வீட்டில் சும்மா இருப்பானேன் என்று மங்களேஸ்வரி ஜெட்டியில் போட் டிக்கெட் கொடுக்கிற கவுண்டரில் தினக்கூலி வேலைக்குச் சேர்ந்தாள். ஜூலையிலிருந்து நிலம் அதிரத் தொடங்கியது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஏழு தடவை, மாட்டின் தோல் ஈயை விரட்டச் சிலிர்ப்பதுபோல் ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் டீக்கடைக்காரர் கண்டுபிடித்தார், பத்து நாளில் ஜெட்டி முழுக்கத் தெரிந்தது, மழை விடுவதற்குள் தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அதற்காகப் பூசை போடவில்லை, பத்திரிகைக்குச் சொல்லவில்லை. கடைக்காரர்கள் பாட்டில் அடுக்கிய தட்டுகளுக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். முட்டை விற்கிற ஷெஃபாலி கூடைக்கு அடியில் வைக்கோலை இரட்டிப்பாகப் போட்டாள். தோப்புக்காரர்கள் மரம் ஏற ஆள் தேடுவதை விட்டுவிட்டு, காய் முற்றிய வாரத்தில், நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவன் எவனையாவது டிக்கெட் வாங்க அனுப்பினார்கள், காய்கள் தாமாக உதிர்ந்தன. தூங்காத பிள்ளைகளைத் தாய்மார் ஜெட்டிப் பக்கம் தூக்கிவந்து தரையில் போட்டுத் தூங்கவைத்தார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துவது, பல் பிடுங்குவது, கல்யாணக் கேக்கை மூன்றடுக்காக நிறுத்துவது என்று கை நடுங்கக்கூடாத வேலைகளையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நிலம் அசையாது. ஏன் அசையாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததாலேயே சாத்தையாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

சாத்தையா அந்த மாதங்களில் சந்தோஷமாகத்தான் இருந்தார். இருபத்தாறு வருஷம் காவல் காத்த பிறகு தன் தீவில் ஏதோ நடக்கிறது என்ற பெருமை அவருக்கு. பக்கத்துத் தீவுகளில் இருந்த இரண்டு நிலையங்களின் பதிவுகளையும் வாங்கி, முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவே எத்தனை நொடி என்று எண்ணி, மூன்று வட்டம் போட்டு, வட்டங்கள் வெட்டிக்கொள்கிற இடத்தில் புள்ளி வைத்தார். புள்ளிகள் எல்லாம் ஜெட்டியில் விழுந்தன. ஜெட்டிக்கு அடியில் யாருக்கும் தெரியாத ஒரு பிளவு இருக்கிறது என்று முடிவு செய்தார், அதற்குத் தன் பெயரை வைப்பார்களா என்றுகூட ஒரு மத்தியானம் யோசித்தார். ஒரே ஒரு நாள் மட்டும் மூன்று புள்ளிகள் ஆஸ்பத்திரியில் விழுந்தன. அன்று மங்களேஸ்வரி குழந்தை பார்க்கப் போயிருந்தாள். அது அவருக்கு உறைக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஏதோ பேப்பர் எடுக்க வீட்டுக்கு வந்த சாத்தையா அதைப் பார்த்துவிட்டு, கொடுத்துவிட்டு வரலாம் என்று ஜெட்டிக்குப் போனார். காத்திருப்புக் கூடத்துக்குள் நுழைந்தபோது கவுண்டர் ஜன்னலில் குஜூர் நின்றுகொண்டிருந்தார். போட்டுக்குக் கயிறு பிடித்துக் கட்டுகிற வேலை அவருக்கு, ராஞ்சிக்காரர், முன்பல் இரண்டு இல்லை. அவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். மங்களேஸ்வரி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, மேஜைமேல் குனிந்து, சிரித்தாள். சாத்தையாவின் செருப்புக்கு அடியில் சிமெண்டுத் தரை சிலிர்த்தது, பெஞ்சுகள் கடகடவென்றன, காத்திருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமலே டீ கிளாஸ்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்கள், ஷெஃபாலி முட்டைக்கூடையைத் தரையிலிருந்து தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள், எல்லாம் தினமும் பல் விளக்குவதுபோல் பழகிப்போன கையசைவுகளாக இருந்தன. பிறகு யாரோ சாத்தையாவைப் பார்த்தார்கள். பிறகு மங்களேஸ்வரி பார்த்தாள். சிரிப்பு நின்றது. அவர் காலுக்கு அடியில் பூமி, சுவிட்சை அணைத்ததுபோல் நின்றது.

அவர் ஜன்னல் வழியாகக் கண்ணாடியை நீட்டினார். "மறந்துட்டு வந்துட்ட."

"ஆமாங்க," என்று வாங்கிக்கொண்டாள்.

மலைக்குத் திரும்பிப் போய்க் காகிதத்தைப் பார்த்தார். பதினொன்று இருபத்திரண்டு. ரிக்டர் அளவில் இரண்டு புள்ளி எட்டு. பதினான்கு நொடி. வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் படிக்கிறவர்போல் அந்தக் கிறுக்கலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டார். "குஜூர் என்ன சொன்னான்?"

"எப்போ?"

"பதினொண்ணு இருபத்திரெண்டுக்கு."

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஒருத்தன் ஆட்டப் போட்ல ஏத்தப் பாத்திருக்கான். ஏற மாட்டேன்னு அது அழிச்சாட்டியம் பண்ணிருக்கு. தள்ளித் தள்ளிக் கடைசியில ஆடு ஏறிருச்சாம், ஆட்டுக்காரன் கரையிலயே நின்னுட்டானாம், போட் போயிருச்சாம்."

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைங்க," என்றாள்.

அதற்குப் பிறகு சாத்தையாவுக்கு மலைமேல் வேறு வேலை வந்துவிட்டது. அலுவலக நோட்டில் எழுதுவதை எழுதிவிட்டு, இன்னொரு நோட்டில், எத்தனை மணிக்கு, எவ்வளவு, எத்தனை நொடி, அந்த நேரத்தில் எந்த போட் வந்தது, அதில் யார் யார் இருந்திருப்பார்கள் என்று எழுதினார். சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்குகிற அலை என்றால் எதிர்பாராமல் வந்த சிரிப்பு. மெல்லப் பெருகி விட்டு விட்டு வருவது என்றால் அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு. இது பெண்களோடு இருக்கும்போது வருவது, இது மீன்காரன் வந்தால் வருவது என்று கிறுக்கலைப் பார்த்தே சொல்கிற அளவுக்குத் தேறினார். குஜூர்மேல் பொறாமைப்பட்டார். குஜூருக்கு அறுபது வயது நெருங்குகிறது என்பதால் ஆறுதல் வரவில்லை. மீன்காரன்மேல் பொறாமைப்பட்டார், ஷெஃபாலிமேல் பொறாமைப்பட்டார், வரிசையில் மூன்றாவதாக நின்று காதில் விழுந்ததற்காகச் சிரித்த, யாரென்றே தெரியாதவர்கள் எல்லார்மேலும் பொறாமைப்பட்டார், அந்த ஆட்டின்மேலும் பட்டார். முள் அசைகிறபோதெல்லாம் இப்போது யாரோ என்று கடிகாரத்தைப் பார்த்தார். முள் அசையாமல் இருந்தால், எப்போது அசையுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மழையும் காற்றுமாக இருந்ததால் போட் எதுவும் ஓடாத நாளில், மூன்று பதினேழுக்கு முள் காகிதத்தின் இரண்டு ஓரத்தையும் தொட்டது. நான்கு புள்ளி ஒன்று. ஐம்பத்திரண்டு நொடி. தபால் நிலையத்துச் சுவரில் விரல் நுழைகிற விரிசல் விட்டது, சர்ச் மணி தானாக ஒரு தடவை அடித்தது, தோப்பு முழுக்கக் குரும்பைகூட மிச்சமில்லாமல் கொட்டியது. யாருக்கும் அடிபடவில்லை. மேடம் இன்றைக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டு சுவருக்குச் சுண்ணாம்பு குழைத்தார்கள்.

"போட் இல்லாத நேரத்துல யாரு வந்தா?" என்று சாத்தையா கேட்டார்.

"யாரும் வரல."

அவர் நம்பவில்லை. டீக்கடையில் விசாரித்தார், தபால்காரரிடம் விசாரித்தார், மழைக்கு ஒதுங்கியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். அன்று மத்தியானம் கவுண்டர் பக்கம் யாரும் போகவில்லை என்றே எல்லாரும் சொன்னார்கள். தீவே சேர்ந்துகொண்டு ஒரு ஆளை ஒளித்துவைக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். நான்கு புள்ளி ஒன்று சிரிக்கவைக்கத் தெரிந்தவன் எப்படி இருப்பான் என்று நினைத்து நினைத்துப் பார்த்தார், ஒவ்வொரு நாளும் அவன் கொஞ்சம் உயரமாகிக்கொண்டு போனான்.

டிசம்பரில் தலைமை அலுவலகத்திலிருந்து டாக்டர் ஹேமலதா வந்தார். இத்தனை சின்ன அதிர்வு ஒரே இடத்தில் தொடர்ந்து வருவதை நேரில் மதிப்பிட்டு அறிக்கை கொடுக்க வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். ஜனங்களிடமும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பஞ்சாயத்துக் கூடத்தில் கூட்டம் போட்டார், சுவரில் ஒரு பெரிய காகிதத்தை ஒட்டினார். மூன்று தீவு நிலையங்களின் பதிவுகளிலிருந்தும் எடுத்த ஐந்து மாத அதிர்வுகளும் அதில் கறுப்புப் புள்ளிகளாக இருந்தன.

"பயப்படற அளவுக்கு எதுவும் இல்லை," என்றார். "ஆனா ஒரு விஷயம் எனக்குப் புரியலை. என் சர்வீஸ்ல எங்கேயும் பார்த்ததில்லை. ஒரு நாலு நாள் தவிர, ராத்திரி ஒண்ணுகூட இல்லை. சாயங்காலம் ஆறுலேருந்து காலைல ஏழரை வரைக்கும் சுத்தமா இல்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லை. சுதந்திர தினத்தன்னிக்கு இல்லை, தீபாவளிக்கு இல்லை." குச்சியால் ஓர் இடத்தைத் தொட்டார். "நவம்பர் ஒம்பதுலேருந்து இருபத்து மூணு வரைக்கும், பதினஞ்சு நாள், வெறும் காகிதம். அதுக்கு முன்னாடி ஆகஸ்டுல பாருங்க, இந்த நாலு நாள்ல மட்டும் எழுபது அதிர்வு, ராத்திரி பத்து மணிக்குக்கூட இருக்கு. மிஸ்டர் சாத்தையா, இந்தத் தேதிகள்ல இங்க என்ன நடந்ததுன்னு உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

நவம்பரில் அந்தப் பதினைந்து நாளும் சாத்தையா மஞ்சள் காமாலையில் வீட்டில் படுத்திருந்தார், மங்களேஸ்வரி லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். ஆகஸ்டில் அந்த நாலு நாளும் அவர் போர்ட் பிளேரில் பயிற்சி வகுப்பில் இருந்தார். கூடத்தில் நூறு பேர் இருந்தார்கள். நூறு பேரும் தங்கள் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குஜூர் ஒருவர்தான் நிமிர்ந்து, ஜன்னலுக்கு வெளியே, கடலைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லை மேடம்," என்றார் சாத்தையா.

மூன்று நாள் சாத்தையா அந்தத் தேதிகளைத் தன் நோட்டோடு ஒத்துப் பார்த்தார். நான்காம் நாள் காலையில், "இனிமே வேலைக்குப் போக வேண்டாம்," என்றார்.

மங்களேஸ்வரி அவரை ஒரு தடவை பார்த்தாள். "சரிங்க," என்றாள்.

அன்றிலிருந்து முள், ஸ்கேல் வைத்ததுபோல் ஒரே கோடு போட்டது. முதல் வாரம் சாத்தையாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டார். இரண்டாம் வாரம் அந்தக் கோட்டைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. மங்களேஸ்வரி வேலைக்குச் சேருவதற்கு முன்னால் கடலுக்குள் எங்கெங்கோ வருகிற சில்லறை அதிர்வுகளாவது இருக்கும். இப்போது அதுவும் இல்லை. மூன்றாம் வாரம் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பானது. கோழிகள் கூட்டுக்குள் போக மறுத்து மரத்தில் ஏறின. ஜெட்டியில் டீ குடிக்கிறவர்கள், எதுவும் அதிராதபோதும், பழக்கத்தில் கிளாஸை மூடிக்கொண்டு, பிறகு கையை எடுத்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுனாமியின் பெரிய அலையைப் பார்த்தவர்கள் அந்தத் தீவில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் கட்டிலை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். துணிமணியும் ரேஷன் கார்டும் வைத்த பையை வாசலில் மாட்டினார்கள். டாக்டர் ஹேமலதா தினமும் போன் செய்தார்.

"உங்க இடத்துல இவ்வளவு அமைதி நல்லதில்லை, சாத்தையா," என்றார். "உள்ள எவ்வளவு சேர்ந்துட்டிருக்குன்னு என்னால கணக்குப் போட முடியலை."

நாற்பதாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குஜூரும் ஷெஃபாலியும் சர்ச் ஃபாதரும் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். மங்களேஸ்வரி டீ போட உள்ளே போனாள்.

"சார், நாங்க மேடமச் சிரிக்கச் சொல்ல வரல," என்றார் குஜூர். "சிரின்னு சொன்னா யாருக்குச் சிரிப்பு வரும். உங்ககிட்ட ஒண்ணு கேக்க வந்தோம்."

"கேளு."

குஜூர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் தரையைப் பார்த்தார். ஷெஃபாலிதான் தன் உடைந்த தமிழில் சொன்னாள். "சார் கொஞ்ச நாள் வேற ஊர் போய்ட்டு வர முடியுமா?"

அவமானம் காதுவரை சுட்டது. ஆனாலும் அவர்கள் முகத்தில் கேலி எதுவும் இல்லை, ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டு வந்தவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் அவர் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் மங்களேஸ்வரியை எதிரே உட்காரச் சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த ஆட்டுக் கதையை அவரே சொன்னார். ஆடு எந்த ஊர், எவ்வளவு எடை, ஏன் தண்ணீருக்குப் பயப்படுகிறது, எப்படித் தள்ளினார்கள் என்று ஒன்று விடாமல், வரிசை மாறாமல் சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள்.

"நல்லா இருக்குங்க," என்றாள்.

சாத்தையா தட்டில் இருந்த கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மங்களம். அன்னிக்கு மூணு பதினேழுக்கு யாரு?" என்றார்.

"யாரும் வரலன்னு அன்னிக்கே சொன்னேனே."

"யாரும் இல்லாமயா அம்பத்திரெண்டு செகண்டு?"

"மழை பேஞ்சுச்சு," என்றாள் அவள். "ஜன்னல மூடிட்டு உக்காந்திருந்தேன். சாயங்காலம் வரைக்கும் போட் இல்ல, ஒரு ஆளும் வர மாட்டாங்கன்னு தோணுச்சு. எதுக்குன்னு கேக்கவும் ஆளில்ல, நிறுத்தவும் ஆளில்லன்னு தோணுச்சு. சிரிப்பு வந்துருச்சு. அவ்வளவுதாங்க."

அந்த ஆளிடம் என்னென்ன பேச வேண்டும் என்று சாத்தையா மூன்று மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அத்தனை உயரமாக வளர்த்து வைத்திருந்த ஆள் இருந்த இடத்தில், மழையும் மூடிய ஜன்னலும் காலிப் பெஞ்சுகளும்தான் இருந்தன.

"நான் இருந்தா ஏன் வர மாட்டேங்குது?" என்றார்.

"நீங்க காரணம் கேப்பீங்க. சொல்லணும். சொல்லச் சொல்ல அது சின்னதாயிரும். கல்யாணமான புதுசுல சொல்லிப் பாத்தேன். அப்புறம் உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே நின்னுரும். கோவம்லாம் இல்லைங்க. உங்களுக்குக் காமாலை வந்தப்ப எம்புட்டுப் பயந்தேன்னு எனக்குத்தான் தெரியும். அது வேற, இது வேற."

அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். "நாளைக்கு ஜெட்டிக்குப் போ," என்றார்.

"நீங்க சொல்லிப் போகலைங்க," என்றாள் மங்களேஸ்வரி, தட்டை எடுத்துக்கொண்டே. "காலைல டீ கொடுக்கும்போதே ஷெஃபாலிகிட்ட சொல்லி விட்டுட்டேன், திங்கக்கிழமை வரேன்னு."

திங்கட்கிழமை பத்து ஐந்துக்கு முள் அசைந்தது. ஒன்று புள்ளி ஒன்பது. சும்மா ஒரு தொண்டைக் கனைப்பு. ஜெட்டியில் எல்லாரும் கிளாஸ்களைக் கையால் மூடிக்கொண்டார்கள். அடுத்த நாள் நாலு, அதற்கடுத்த நாள் பதினொன்று என்று வந்தன, வாரக் கடைசியில் கிணறு குளிர்ந்தது, பைகள் வாசலிலிருந்து உள்ளே போயின. சாத்தையா போர்ட் பிளேருக்கு எழுதி, ஞாயிற்றுக்கிழமை வேலையையும் விடுமுறை நாள் வேலையையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மெழுகுவர்த்தி ஸ்டாண்டு சாய்ந்தது, ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. ஜனங்கள் மறுபேச்சில்லாமல் கண்ணாடி வேலையையும் பல் பிடுங்குவதையும் காலை ஆறு மணிக்கு மாற்றிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதிர்வு வரத் தொடங்கியதற்குக் காரணம் என்ன என்று டாக்டர் ஹேமலதா படிவம் அனுப்பிக் கேட்டார். சாத்தையா இரண்டு நாள் யோசித்து, 'உள்ளூர்க் காரணம்' என்று எழுதி அனுப்பினார்.

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. முள் ஆடுகிறபோது இப்போதும் யார் என்று அறிந்துகொள்ளக் கை நோட்டைத் தேடியது. நோட்டு இருந்தது, அதில் நேரத்தையும் அளவையும் மட்டும் எழுதினார், ஆள் பெயர் எழுதுகிற கட்டத்தை வெறுமையாக விட்டார், விடுவதற்கு ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், வீட்டுக்கு முன்னால் இருக்கிற வளைவில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து வேலியோரம் நிறுத்தியபோது ரப்பர் செருப்புக்கு அடியில் தரை மெல்ல நடுங்குவது தெரிந்தது. இரண்டு புள்ளி இரண்டு இருக்கும். உள்ளே மங்களேஸ்வரி மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள், வாசல் கதவு திறந்திருந்தது. சாத்தையா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் காகிதத்தில் பார்த்துப் பழகியதை வெறும் உள்ளங்காலில் வாங்கிக்கொண்டு, தன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே, யாரோ ஒரு வெளியாள்போல், நின்றார். நிற்கட்டும், முடிந்த பிறகு போகலாம் என்று நினைத்தார். அது முடிகிற மாதிரி இல்லை. எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் தலையசைத்ததும், வேறு வழியில்லாமல் கேட்டைத் தள்ளினார்.

கொண்டி கிறீச்சிட்டது. மங்களேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். நிலம் உடனே நிற்கவில்லை. இரண்டு நொடி ஆயிற்று நிற்க.

அவள் போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். "என்னங்க, செருப்பக் கையில தூக்கிட்டு வரீங்க?"

சாத்தையா கையில் இருந்த செருப்பைப் பார்த்தார். "சும்மாதான்," என்றார்.

அவள் இன்னும் கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, டீ போட உள்ளே போனாள். அவர் உடனே பின்னால் போகவில்லை. செருப்பைக் கீழே போடாமல், வெறுங்காலோடு, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.